டிரங்குப் பெட்டியில் ஒரு குடும்ப வரலாறு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. கைவைத்த மர நாற்காலியில் என் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் இரண்டு வயதுக் குழந்தை. பின்னால் திரைச்சீலையில் வரைந்த தூண்களும் பூந்தொட்டியும். 'மடியில் இருப்பது அப்பா' என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் அப்படியே நம்பி, வந்தவர்களுக்கெல்லாம் தம்மைக் காட்டிக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு சட்டத்தின் கண்ணாடி விரிசல் கண்டது. மாற்றுவதற்காகப் படத்தை வெளியே எடுத்தபோது, அட்டையின் பின்புறம் பாட்டனாரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'ஆங்கீரச ௵ ஆவணி ௴.'

அப்பா பிறந்தது பவ வருடம் தை மாதம். ஆங்கீரசம் அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. அப்படியானால் மடியில் இருக்கும் குழந்தை யார்?

வீட்டில் இருக்கும் பழைய பொருள்களைக் கொண்டு இத்தகைய கேள்விக்கு விடை தேட முடியும். அரசர்களின் வரலாற்றை எழுத ஆய்வாளர்கள் கல்வெட்டையும் நாணயத்தையும் படிப்பது போல, நம் குடும்ப வரலாற்றை அறிய நிழற்படம், சாதகம், பத்திரம், கணக்கு நோட்டு ஆகியவற்றைப் படிக்கலாம். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும், கொஞ்சம் இரசாயனமும், கொஞ்சம் கணக்கும், மிகுந்த பொறுமையும் போதும்.

தாள் சொல்லும் சாட்சி

பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருடங்கள் அறுபது. அவை திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றன. பிரபவ 1867-இல் வந்தது; பிறகு 1927-இல், பிறகு 1987-இல். ஆறாவது ஆண்டாகிய ஆங்கீரசம் 1872, 1932, 1992 ஆகிய ஆண்டுகளில் சித்திரை மாதம் தொடங்கியது. ஆகவே வெறும் 'ஆங்கீரச' என்ற சொல் நம்மை மூன்று வாசல்களுக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்துகிறது. எந்த வாசல் என்று சொல்வதில்லை.

1992 ஆக இருக்க முடியாது; அப்பா சிறுவனாக இருந்தபோதே அந்தப் படம் சுவரில் இருந்தது. 1872? படத்தில் இருப்பவர் பாட்டிதான் என்றால் அதுவும் ஆகாது. ஆனால் குழந்தை விஷயத்தில் தவறியவர்கள் பெண்மணி விஷயத்திலும் தவறியிருக்கலாம் அல்லவா? பாட்டியின் பாட்டியாகக்கூட இருக்கலாம். எனவே வாய்வழிச் செய்தியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாளையே கேட்பது நல்லது.

1839-இல் பிரான்சு நாட்டின் தாகர் தம்முடைய நிழற்பட முறையை உலகுக்கு அறிவித்தார். 1850-இல் அதே நாட்டைச் சேர்ந்த பிளான்கார் எவ்ரார் என்பவர் முட்டையின் வெண்கருவைப் பூசிய தாளில் படம் அச்சிடும் வழியைக் கண்டார். வெண்கருவில் உள்ள புரதத்துக்கு ஆல்புமின் என்று பெயர். ஆகவே அது ஆல்புமின் படம் எனப்பட்டது. வெண்கருவில் உப்பைக் கலந்து தாளில் பூசி உலர்த்தி, பிறகு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் மிதக்கவிட்டால் தாளின் மேல் வெள்ளிக் குளோரைடு உண்டாகும். அதன்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து வெயிலில் காட்டினால் படம் தானே தோன்றும். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு உலகமெங்கும் பெரும்பாலான படங்கள் இப்படித்தான் அச்சாயின. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று நாளொன்றுக்கு 60,000 முட்டைகளை உடைத்ததாகச் சொல்வார்கள். மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது!

1880-களில் ஜெலட்டின் வந்தது. விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பசை போன்ற பொருள் அது. வெள்ளிப் புரோமைடு போன்ற உப்புகளை அதில் கலந்து தாளில் பூசினார்கள். தாளுக்கும் ஜெலட்டினுக்கும் இடையில் பேரியம் சல்பேட்டு என்னும் வெண்மையான பொருளை ஓர் அடுக்காக இட்டார்கள். ஏறத்தாழ 1900-க்குள் ஆல்புமின் தாள் வழக்கொழியத் தொடங்கி, ஜெலட்டின் தாளே நிலைத்தது.

இரண்டையும் வீட்டிலேயே பிரித்தறியலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே படத்தின் வெளிறிய பகுதியைப் பாருங்கள். ஆல்புமின் படமானால் தாளின் நார்கள் தெரியும். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். நிறம் செம்பழுப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ இருக்கும். வெண்மையாக இருக்க வேண்டிய இடங்கள் மஞ்சளித்திருக்கும். தாள் மிக மெல்லியதாகையால் எப்போதும் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். ஜெலட்டின் படத்தில் பேரியம் அடுக்கு நார்களை மறைத்துவிடுகிறது. நிறம் கறுப்பும் சாம்பலும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. படத்தைச் சாய்வாகப் பிடித்து ஒளியில் பாருங்கள். ஓரங்களில், கரிய பகுதிகளின் மேல், கண்ணாடி போன்ற நீலப் பளபளப்புத் தெரிந்தால் அது ஜெலட்டின் படம். படத்தைக் கறுப்பாகக் காட்டுவது நுண்ணிய வெள்ளித் துகள்களே. ஈரக்காற்றும் கந்தகம் முதலிய வாயுக்களும் பட்டு வெள்ளி அயனியாக மாறி மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து, அங்கே மறுபடியும் வெள்ளியாகவும் வெள்ளிச் சல்பைடாகவும் படிகிறது. வெள்ளிக் கிண்ணம் கறுப்பது போன்ற வேலைதான் இதுவும். எங்கள் படத்தின் கீழ் ஓரம் முழுவதும் அந்தப் பளபளப்பு இருந்தது. நார் ஒன்றுகூடத் தெரியவில்லை. 1872-இன் வாசல் மூடிக்கொண்டது. ஆண்டு 1932, ஆவணி என்பதால் ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள்.

பழைய எதிர்மத்திலிருந்து பிற்காலத்தில் மறு அச்சுப் போட்ட படமா என்ற ஐயம் சில சமயம் எழும். இதற்குக் கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கு உதவும். ஏறத்தாழ 1950-க்குப் பிறகு நிழற்படத் தாள் செய்பவர்கள், தாள் அதிக வெண்மையாகத் தெரிவதற்காக, ஒளிரும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சலவைத்தூளில் சேர்ப்பதும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். இருட்டில் புற ஊதாக் கதிரைக் காட்டினால் இத்தாள் நீல வெண்மையாக ஒளிரும். 1940-இல் இறந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் தாமே அச்சிட்டவை என்று சொல்லி விற்கப்பட்ட சில படங்கள், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அச்சானவை என்று 1999-ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டபோது, இந்த ஒளிர்வும் ஒரு சாட்சியாக நின்றது. ஆனால் இச்சோதனை ஒருவழிப் பாதை என்பதை மறக்கக்கூடாது. ஒளிர்ந்தால் 1950-க்குப் பிந்தியது எனலாம். ஒளிராவிட்டால் முந்தியது என்று சொல்லிவிட முடியாது. பிற்காலத் தாள்கள் எல்லாவற்றிலும் அப்பொருள் இல்லை. எங்கள் படம் ஒளிரவில்லை. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கறுத்த குங்குமம்

படத்தில் பாட்டியின் நெற்றியில் பொட்டு மையிட்டது போலக் கறுப்பாக இருக்கிறது. புடைவையும் கறுப்பு. சுமங்கலிப் பெண் கறுப்புப் புடைவையில் படத்துக்கு உட்கார்ந்தாரா என்று என் மகள் கேட்டாள். விடை பாட்டியிடம் இல்லை. வெள்ளிப் புரோமைடிடம் இருக்கிறது. அது தன் இயல்பில் நீலம், ஊதா, புற ஊதா ஒளிகளையே உணரும். 1873-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சையையும் மஞ்சளையும் உணரும் என்று கண்டுபிடித்தார். அப்படிச் செய்த தகடுகளும் சிவப்பை உணரமாட்டா. எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906-இல் விற்பனைக்கு வந்தபோதிலும், சிவப்பை உணராத தகடுகளே வெகுகாலம் ஸ்டூடியோக்களில் விரும்பப்பட்டன. சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே அவற்றைக் கழுவலாம் என்ற வசதி ஒரு காரணம்.

சிவப்பை உணராத தகட்டுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றே. குங்குமம் கறுக்கும், அரக்குப் புடைவை கறுக்கும், வெற்றிலை போட்ட வாய் கறுக்கும். நம்முடைய மாநிற மேனியில் சிவப்பும் மஞ்சளும் கலந்திருப்பதால் அதுவும் இருப்பதைவிடக் கறுத்தே விழும். பழைய படத்தைப் பார்த்துவிட்டு 'தாத்தா நல்ல கறுப்பு' என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். மாறாக, நீலப் புடைவை வெளுத்துக் காட்டும். கைம்பெண்ணின் வெள்ளைப் புடைவை என்று எண்ணிக் குடும்ப வரலாற்றையே புரட்டிவிடும் அபாயம் அதில் உண்டு.

வான் எழுதிய தேதி

மறுபடியும் குழந்தைக்கு வருவோம். மச்சில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். பத்திரக் கட்டு, கணக்கு நோட்டுகள், மஞ்சள் தடவிய சாதகங்கள். அத்தைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. நாலாவதாக ஒன்று! அதன் மேல்பகுதியை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. வருடமும் தேதியும் எழுதியிருந்த வரிகள் போய்விட்டன. பன்னிரண்டு கட்டங்கள் மட்டும் முழுமையாக இருந்தன.

சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் இந்த இடத்தில் சண்டையிட வேண்டியதில்லை. பலன் எப்படியாயினும், இராசிக் கட்டம் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் கிரகங்கள் வானத்தில் எங்கே இருந்தன என்பதன் குறிப்பு. கிரகங்கள் நியூட்டனின் விதிப்படி ஓடுகின்றன. ஆகவே குறிப்பிலிருந்து நாளைத் திரும்பக் கணக்கிடலாம். இறுதி வரி கிழிந்த கடிகாரத்தைப் படிப்பது போல.

அந்தக் கட்டத்தில் சூரியன் கடகத்தில். எனவே மாதம் ஆடி. சனி தனுசில். சனி வானத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். ஓர் இராசியில் இரண்டரை ஆண்டு தங்கும். தனுசில் சனி இருந்த காலங்கள் 1899 இறுதி முதல் 1902 வரை, 1928 இறுதி முதல் 1931 வரை, 1958 இறுதி முதல் 1961 வரை. இதற்குமேல் சனியால் உதவ முடியாது. குரு மிதுனத்தில். குரு ஒரு சுற்றை ஏறத்தாழ 11.86 ஆண்டுகளில் முடிப்பதால் ஓர் இராசியில் ஓராண்டுதான். மேற்சொன்ன காலங்களில் ஆடி மாதத்தில் குரு மிதுனத்தில் இருந்தது ஒரே ஒரு முறை: 1930. பிரமோதூத வருடம்.

சரிபார்க்க இராகு இருக்கிறது. இராகுவும் கேதுவும் கிரகங்கள் அல்ல; சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். இப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கின்றன. கட்டத்தில் இராகு மேடத்தில் இருந்தது. 1930 ஆடியில் இராகு இருந்ததும் மேடத்தின் முற்பகுதியிலேதான். கணக்கு ஒத்துவந்தது.

அறுபது ஆண்டுச் சுற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதை மாணவர்கள் கவனித்திருப்பார்கள். குருவின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். அதனால் அறுபது ஆண்டு கழித்துச் சனியும் குருவும் பழைய இடத்துக்கு அருகிலேயே வந்து நின்று நம்மை ஏமாற்றப் பார்க்கும். அந்த அறுபது ஆண்டில் இராகு மூன்று முழுச் சுற்றும், அதற்குமேல் ஏறத்தாழ 81 பாகையும் நகர்ந்துவிடும். அதாவது கிட்டத்தட்ட மூன்று இராசி. 1990 ஆடியில் இராகு மகரத்தில் இருந்தது. எந்தச் சுற்று என்ற ஐயத்தை இராகு தீர்த்துவைக்கும்.

சாதகத்தில் 'திசை இருப்பு' என்று எழுதியிருந்தால் மணியையும் நெருங்கலாம். எடுத்துக்காட்டாக, கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தவருக்கு முதலில் சூரிய திசை. அதன் முழு அளவு ஆறு ஆண்டு, அதாவது 72 மாதம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சுமார் 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எனவே இருப்பில் ஒரு மாதம் என்பது கடிகாரத்தில் 20 நிமிடம்! பள்ளிச் சான்றிதழ் இவ்வளவு நுட்பமாகச் சொல்லாது. சொல்வதும் பல சமயம் சரியாயிராது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1934. சாதகப்படி அவர் பிறந்தது பவ வருடம் தை, அதாவது 1935 சனவரி அல்லது பிப்ரவரி. கட்டத்தில் சனி கும்பத்தில் இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. சேர்க்கும்போது வயது போதவில்லை என்று வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி ஜூன் முதல் நாள். அந்தத் தலைமுறையில் ஊருக்குப் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பதைக் காணலாம்.

ஆக, 1930 ஆடியில் இந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. 1932 ஆவணியில் அதற்கு இரண்டு வயது.

கட்டில் இருந்த காகிதங்கள்

பத்திரங்களையும் இரசீதுகளையும் பார்க்கும்போது ஆண்டுக் கணக்குகள் பல கலந்து வரும். நிலவரி இரசீதில் இருப்பது பசலி. அதனுடன் 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1342 என்பது 1932 ஜூலை முதல் 1933 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஏடுகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் மார்கழி நடுவரை 824-ம், பிறகு 825-ம் கூட்ட வேண்டும். வெள்ளத்தால் பெயர்பெற்ற கொல்லம் 1099 நம் கணக்கில் 1924. தேதியில்லாத தாளுக்கும் வழி உண்டு. ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியாக இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தியது. அன்று வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது. 'சென்னை ராஜ்யம்' என்று அச்சிட்டிருந்தால் 1969 சனவரிக்கு முந்தியதாகவே இருக்கும்.

முத்திரைத்தாளில் அரசரின் தலை இருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910 முதல் 1936 வரை ஆண்டவர். ஆனால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சுவையானது. தாளை விற்ற வெண்டர் வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர், ஊர் எல்லாவற்றையும் அங்கே எழுதியிருப்பார். பத்திரத்துக்குள் நான்கெல்லை சொல்லும் இடத்தைப் படியுங்கள். 'இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் மனைக்கு வடக்கு' என்று வரும் இன்னார்கள் நம் பங்காளிகளாகவே பெரும்பாலும் இருப்பார்கள். பாகம் பிரிந்த வரலாறு அதில் உறைந்திருக்கிறது.

மொய் நோட்டை யாரும் ஆவணமாக எண்ணுவதில்லை. எனக்கோ அது குடிமதிப்புக் கணக்குப் போல. ஒரு திருமணத்துக்கு யார் யார், எந்தெந்த ஊரிலிருந்து, எந்த முறையில் வந்தார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்பதெல்லாம் ஒரே இடத்தில். தாய்மாமன் மொய் எப்போதும் முதலில் இருக்கும் என்பதால், பெயர் தெரியாவிட்டாலும் உறவு தெரிந்துவிடும். ஒரு நோட்டில் இருந்து அடுத்த நோட்டில் இல்லாத பெயர்கள் எதையோ சொல்கின்றன. சாவா, சண்டையா என்பதைத் தாள் சொல்லாது; பெரியவர்களைக் கேட்க வேண்டும்.

பாட்டனாரின் மை இன்று பழுப்பாக இருக்கிறது. எழுதியபோது அது கறுப்பு. கடுக்காயில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அன்னபேதி என்ற இரும்புச் சல்பேட்டும் சேர்ந்தால் உண்டாகும் கூட்டுப்பொருள் முதலில் நிறம் குன்றியே இருக்கும். தாளில் காற்றுப் பட்டு ஆக்சிசன் சேரச்சேரக் கறுக்கும். நீரில் கரையாது. அதனால்தான் பத்திரம் எழுதுவோர் இந்த வகை மையை நம்பினார்கள். இதே வேதியியல் மாற்றத்தில் சல்பூரிக் அமிலமும் சிறிதளவு பிறக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் தாளை அரிக்கும். எழுத்து இருந்த இடம் மட்டும் ஓட்டையாகி, எழுத்தின் வடிவமே துளையாக நிற்கும் தாள்களைச் சிலர் பார்த்திருக்கலாம்; பூச்சியின் மேல் பழி போடவேண்டாம்.

உரி பால், உழக்குப் பால்

நாங்கள் தேடிய விடை கடைசியில் கணக்கு நோட்டில் இருந்தது. பாட்டனார் நாள்தோறும் செலவு எழுதும் பழக்கமுள்ளவர். 1932, 1933 ஆகிய ஆண்டுகளின் நோட்டுகள் எஞ்சியிருந்தன. தினமும் முதல் வரி பால். 'பால் உரி' என்று மாதக்கணக்கில் ஒரே மாதிரி வருகிறது. உரி என்றால் அரைப்படி. நடுநடுவே 'பெரியவனுக்குச் சட்டைத்துணி', 'பெரியவனுக்குப் பொரி' என்று சிறு செலவுகள். அத்தையை 'குழந்தை' என்றே எழுதியிருக்கிறார். ஸ்ரீமுக வருடம் ஐப்பசியில், அதாவது 1933 அக்டோபர் நவம்பரில், சில நாள் பக்கங்களில் எழுத்து கலைந்து கிடக்கிறது. 'கும்பகோணம் போக வண்டி 0-6-0', 'மருந்து 0-8-0', மறுநாளும் 'மருந்து', அதற்கடுத்த நாள் 'வண்டி'. பிறகு நான்கு நாள் ஒன்றும் எழுதவில்லை. அந்த இரண்டு ஆண்டு நோட்டில் வேறெங்கும் அப்படி வெறும் நாள் கிடையாது.

ஐந்தாம் நாள் மறுபடியும் கணக்குத் தொடங்குகிறது. 'பால் உழக்கு.' கால் படி. அதன்பின் 'பெரியவன்' என்ற சொல் வரவில்லை.

என்ன நோய் என்று நோட்டில் இல்லை. சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் உண்டாகி, கிராமங்களில் அதிகாரிகள் பதிவேடு வைத்து வந்தார்கள். பரம்பரையாக வந்த அந்தக் கிராமப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது ஏடுகள் பல கைமாறின. பழைய பதிவேட்டின் நகல் கேட்டு விண்ணப்பிக்க விரும்புவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிறந்த சில நாள்களில், பெயரிடும் முன்பே பதிவு நடப்பதால், பல இடங்களில் 'ஆண் குழந்தை' அல்லது 'பெண் குழந்தை' என்றுமட்டும் இருக்கும். தகப்பனார் பெயரைக் கொண்டே தேட வேண்டும். சாதகமும் அப்படித்தான். அதில் புத்திரன் பிறந்த செய்தி உண்டு; புத்திரனுக்குப் பெயர் கிடையாது.

ஆகவே அந்தப் பிள்ளையின் பெயர் எங்களுக்கு எந்தக் காகிதத்திலும் கிடைக்கவில்லை. ஆனால் ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் மூத்த மகனுக்குத் தந்தை வழிப் பாட்டன் பெயரும், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் வைப்பது தவறாத வழக்கம். மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிப் பார்த்தேன்; ஓர் இடத்திலும் மாறவில்லை. அப்பா வைத்திருப்பது தந்தை வழிப் பாட்டன் பெயர். அவர்தான் மூத்தவர் என்று நாங்கள் எண்ணியிருந்தவரை அதில் வியப்பில்லை. இப்போது அவர் இரண்டாமவர் ஆகிவிட்டார். பெயர் காலியானபின் அவருக்கு வந்திருக்க வேண்டும். இது ஊகமே; படத்தின் ஆண்டைப் போலவோ சாதகத்தின் மாதத்தைப் போலவோ உறுதியானதல்ல.

பெட்டியைத் திறக்கும் முன்

இதைப் படித்துவிட்டு இன்றே பெட்டியை இறக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அட்டையில் ஒட்டிய படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை ஈரத்துணியால் நனைத்து எடுக்கவே கூடாது. ஜெலட்டின் ஊறிப் பிம்பம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே கைப்பேசியால் சாய்வொளியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தையும் எடுங்கள். குறிப்பு எழுதுவதானால் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் அழுந்திக் காட்டும், மையும் பரவும். பிளாஸ்டிக் உறையில் உருக்கி ஒட்டுவது பத்திரத்துக்குப் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. உள்ளே அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 1970-களின் வண்ணப் படங்கள் இருந்தால் முதலில் அவற்றை நகலெடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. வண்ணப் படத்தில் இருப்பது சாயம். பெட்டியின் இருட்டிலும் நீலப்பச்சைச் சாயம் மங்கி, கல்யாண வீடு முழுவதும் சிவந்து போகும். தாத்தா படம் பேரன் படத்தைவிட நெடுநாள் இருப்பதன் காரணம் அதுதான்.

யாரிடம் எதை வாங்கினோம், எந்தக் கட்டில் எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அந்த நாலாவது சாதகம் வேறு யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது கிடைத்திருந்தால் அதற்கு ஒரு பொருளும் இருந்திருக்காது.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் பத்து நாள் பேசினோம். அவருக்கு வயது 90. அத்தை இருந்திருந்தால் அவரை முதலில் கேட்டிருப்போம். கடைசியில் ஒரு மாலை, படம், சாதகம், நோட்டு மூன்றையும் அவர் முன்னால் வைத்து, இக்கட்டுரையில் எழுதிய வரிசையிலேயே சொன்னேன். இராகுக் கணக்கை இருமுறை கேட்டுக்கொண்டார். கணக்கு நோட்டை மட்டும் கையில் வாங்கி, உருப்பெருக்கியை வைத்து அந்த நான்கு வெறும் நாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா என்னைக் கூப்பிடறப்போ சில சமயம் பேரைச் சொல்லிட்டு நிறுத்திப்பா" என்றார். "நான் என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லேம்பா."

படத்தைப் புதுக் கண்ணாடி போட்டுப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறோம். போன வாரம் வந்த உறவினர் ஒருவர் வழக்கம்போல, "மடியில நீங்கதானே?" என்று கேட்டார். "இல்லை, எங்க அண்ணா" என்றார் அப்பா.